செவலையின் இடப்பக்கம்

பத்து மணிக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா ஒன்பது மணிக்கே போய் லாயத்து வாசலில் வண்டியை நிறுத்தினாள். விற்கிறவன் சொன்ன நேரத்துக்குப் போனால் அவன் காட்ட நினைத்தது மட்டும்தான் கண்ணில் படும் என்பது அவளுடைய கட்சி. முப்பது வருஷமாக மாடு, நாய், குதிரை என்று வாயில்லாத ஜீவன்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள் அவள். அவை பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறாள்.

என்னென்ன செய்வார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். விடிந்ததிலிருந்து ஓட விட்டு, களைத்துப் போன குதிரையைச் சாது என்று காட்டுவார்கள். முதல் நாளே தண்ணீரை நிறுத்துவார்கள். காதுக்குள் பஞ்சை அடைத்துவிட்டு, பாருங்கள், லாரி ஹாரனுக்குக்கூட அசையாது என்பார்கள். தீனியில் பொடி கலப்பார்கள். அந்தக் கடைசி வித்தையைத்தான் அவள் வேளைக்குக் கண்டுபிடிக்கத் தவறினாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் தம்பி ஒரு கறுப்புக் குதிரையின் மேல் ஆசைப்பட்டான். அக்கா வந்து பார்த்துவிட்டு, தங்கமான குதிரைடா, வாங்கு என்றாள். வாங்கி வந்த மூன்றாம் நாள் பொடியின் மயக்கம் முழுசாகத் தெளிந்தது. தம்பிக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. இரண்டு ஆபரேஷன், எட்டு மாதப் படுக்கை. இன்றைக்கும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். ஆனால் அக்காவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. உன்னால்தான் என்று ஒரே ஒரு தடவை கத்தியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். அவனுடைய பெருந்தன்மை அவளை உள்ளுக்குள்ளேயே தின்றது.

இப்போது அவன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சவாரிப் பள்ளியின் குதிரைகளில் இரண்டு வருஷம் பழகிவிட்டு, சொந்தமாக ஒன்று வேண்டும் என்று கேட்கிறாள். அத்தைக்காரி ஏழு குதிரைகளைப் பார்த்து ஏழையும் வேண்டாம் என்றாள். ஒன்றுக்கு மூச்சில் சத்தம். ஒன்றுக்கு வயதைக் குறைத்துச் சொன்னார்கள், பல் காட்டிக் கொடுத்துவிட்டது. இன்னொன்றில் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு குறைகூட அகப்படவில்லை. அது எப்படி அகப்படாமல் இருக்கும் என்று அதையும் வேண்டாம் என்றாள். தம்பி முதலில் சிரித்தான், நாலாவது குதிரைக்குப் பிறகு சிரிப்பதை நிறுத்தினான். இந்த எட்டாவதுதான் கடைசி, இதுவும் இல்லையென்றால் குதிரைப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிட்டான். அந்தப் பெண் அழவில்லை, அத்தையின் முகத்தை மட்டும் பார்த்தாள். தப்பாக வேண்டாம் என்று சொன்னால் அந்த முகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தப்பாகச் சரி என்று சொன்னால் அவள் எலும்புக்குப் பதில் சொல்ல வேண்டும்.

லாயம் சுத்தமாக இருந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆறு கொட்டடிகள், கடைசிக் கொட்டடியில் செந்தவிட்டு நிறத்தில் ஒரு பெண் குதிரை வைக்கோலை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. செவலை என்று பெயர்ப்பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். அவள் நேரே போய் அதன் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தாள். வேர்வை இல்லை, வேர்த்துக் காய்ந்த தடமும் இல்லை. வாளியில் பாதித் தண்ணீர் இருந்தது. காதில் பஞ்சு இல்லை. கீழுதடு தொங்கவில்லை, கண் சொருகவில்லை.

பின்னால் யாரோ இருமினார்கள். விற்பனைக்காரர் நின்றார். அவள் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டிய ஆள். வெயில் அந்நேரத்துக்கே சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, மனிதர் முழங்கால் வரைக்கும் ஒரு கோட்டு போட்டிருந்தார். வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. வணக்கம் சொன்னபோதும் அந்தக் கை வெளியே வரவில்லை. டாக்டரம்மா மனசுக்குள் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர் வைத்து, அந்தப் பையையும் குறித்து வைத்துக்கொண்டாள்.

சீக்கிரம் வந்துவிட்டீர்களே என்று அவர் கேட்கவில்லை. இடது கையாலேயே தலைக்கயிற்றை மாட்டி, செவலையை வெளியே மணல் களத்துக்கு அழைத்துப் போனார். சாட்டை இல்லை, கடிவாளம் இல்லை. கயிறு தொங்கலாகவே கிடந்தது. அவர் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. அவர் அதன் முகத்துக்கு நேரே ஓர் அடி முன்னால் வைத்தார், அது ஓர் அடி பின்னால் வைத்தது. அதன் பின்னங்காலைப் பார்த்து லேசாகக் குனிந்தார், அது பின்பக்கத்தை விலக்கிக்கொண்டு இரண்டு கண்ணாலும் அவரைப் பார்த்தது. கயிற்றைத் தரையில் போட்டுவிட்டுக் களத்தின் அந்தக் கோடிக்கு நடந்து போனார். செவலை மரம் மாதிரி நின்றது. கடைசியாக நாலு குளம்பையும் ஒரே பக்கம் நின்றபடியே, வயிற்றுக்கு அடியில் கையை நீட்டித் தொட்டுத் தொட்டுத் தூக்க வைத்தார். முதுகில் ஏறுகிற வேலையெல்லாம் கடைசி நாலு மாதம்தான், அதற்கு முன்னால் இரண்டரை வருஷமும் தரையில் நின்றபடியே பழக்கியது என்றார். குதிரையின் மேல் உட்காருவதற்கு முன்னால் அதன் பக்கத்தில் நிற்பதற்கு அனுமதி வாங்க வேண்டும், நம்மை இடிக்காமல் நிற்கவும் அதற்குத் தெரிய வேண்டும் என்றார்.

பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இதைவிட நன்றாகப் பேசியவன்தான் கறுப்புக் குதிரையை விற்றான்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. குதிரை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் குதிரையின் இடப்பக்கம்தான் நிற்பார்கள். நடத்திப் போவதும், சேணம் கட்டுவதும், ஏறுவதும் இடப்பக்கத்திலிருந்துதான். சவாரிப் பள்ளியில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அது. இந்த மனிதர் இவ்வளவு நேரத்தில் ஒரு தடவைகூட இடப்பக்கம் வரவே இல்லை. ஏன் என்று கேட்டாள். பழக்கமாகிவிட்டது என்றார். அவள் பேசாமல் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனாள். செவலை சடக்கென்று பின்பக்கத்தைச் சுழற்றி, கோட்டுக்காரரை நடுவில் விட்டுக்கொண்டு நின்றது. மறுபடியும் போனாள், மறுபடியும் அதே கதை. புது ஆள் என்றால் கொஞ்சம் கூச்சம் என்றார் கோட்டுக்காரர்.

கூச்சமாம். டாக்டரம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இடது கண் அவுட். அதை மறைக்கத்தான் மனிதர் வலப்பக்கத்திலேயே நின்று வித்தை காட்டுகிறார். ஒற்றைக் கண் குதிரையைப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தலையில் கட்டப் பார்க்கிறார். அவளுக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் வந்தது. எங்கே இதிலும் குறையே இல்லாமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் பெட்டியோடு வந்தாள். கண்ணைப் பார்க்க வேண்டும், ரத்தமும் எடுக்க வேண்டும் என்றாள். கோட்டுக்காரர் முகம் மாறவில்லை. கொட்டடியின் மூலையில் செவலையை நிறுத்தி, வலப்பக்கம் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் இடப்பக்கம் நெருங்கியதும் அதன் தோலெல்லாம் நடுங்கியது. டார்ச் அடித்தாள், பாவை ஒழுங்காகச் சுருங்கியது. காற்றுப் படாமல் விரலைக் கொண்டுபோனாள், டக்கென்று இமைத்தது. மூன்று தடவை பார்த்தாள். கண்ணில் ஒரு தூசு அளவு குறைகூட இல்லை. இரண்டு நாளில் ரத்தச் சோதனையும் வந்தது, அதிலும் ஒன்றும் இல்லை.

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். டாக்டரம்மா சமையலறையில் காய்கறி நறுக்கிக்கொண்டே யோசித்தாள். கண் நன்றாகத் தெரிகிறது. தெரிவதைப் பார்த்துத்தான் நடுங்குகிறது. அப்படியென்றால் அந்தப் பக்கத்திலிருந்து அதற்கு அடி விழுந்திருக்கிறது. அடித்தது எந்தக் கை? பைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிற கை. அந்தப் பையில் ஏதோ இருக்கிறது. ஊசியோ, ஆணியோ, என்ன கண்றாவியோ. அதைப் பார்த்து வைத்திருக்கிற பயத்தில்தான் அந்தக் குதிரை அவர் மூச்சு விட்டால்கூடக் கீழ்ப்படிகிறது. கத்தியை வைத்துவிட்டு அப்போதே கிளம்பினாள்.

கோட்டுக்காரர் களத்து வேலியில் சாய்ந்து நின்றிருந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை. பைக்குள் என்ன இருக்கிறது, கையை வெளியே எடுங்கள் என்றாள். அவர் முடியாது என்றார். அப்படியென்றால் இந்தக் குதிரையை அடித்துப் பழக்கியிருக்கிறார்கள் என்று தம்பியிடம் சொல்லப் போகிறேன், கேட்கிற எல்லாரிடமும் சொல்லப் போகிறேன் என்றாள்.

அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, பையிலிருந்து தூக்கி, வேலிக் கட்டையின் மேல் வைத்தார். வைத்த இடத்தில் அது கிடந்தது. விரல்கள் சூம்பிப் போய் உள்ளே மடங்கியிருந்தன.

"இதுதாங்க இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குதிரை பயந்து இழுத்ததில் கயிறு சுற்றிக்கொண்டு, தோளிலிருந்து நரம்பு அறுந்துபோனதாம். இருபது வருஷத்தில் ஒரே ஒரு நாள் கவனம் பிசகியது. குதிரையால் கை போனவன் பழக்கிய குதிரையை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். அதனால்தான் கோட்டு.

டாக்டரம்மாவுக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள், ஆனால் வந்தது வேறு. முப்பது வருஷத்துப் புத்தி, வெட்கப்படுகிற நேரத்திலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. குதிரையின் இடப்பக்கம் நின்றால் அதன் தலை நம் வலது கைக்குத்தான் வரும். வலது கை இல்லாதவர் அங்கே நின்று என்ன செய்வார்?

"இந்தக் குதிரையோட இடப்பக்கம் நீங்க கடைசியா எப்ப நின்னீங்க?"

தினமும்தான் என்று சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். மற்ற ஐந்து குதிரைகளும் கை நன்றாக இருந்த காலத்தில் பழகியவை, அவற்றுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். கை போன பிறகு முதல் முதலாகக் குட்டியிலிருந்து பழக்கியது செவலையைத்தான். முதுகில் ஏறிப் பார்த்தது அவர் மனைவி. குளம்பை அரத்தால் ராவுவதும் மனைவிதான். கணவர் நிற்கிற பக்கமே குதிரைக்கு வசதி என்று அந்த அம்மாளும் எல்லாவற்றையும் வலப்பக்கத்திலிருந்தே செய்திருக்கிறார். குதிரைக்கு ஒரு கண்ணால் பார்த்துப் பழகியது இன்னொரு கண்ணுக்குச் சேராது. வலப்பக்கம் மனிதன் நிற்பது அதற்குத் தெரியும், இடப்பக்கம் ஒருத்தர் வந்தால் அது பேயைப் பார்த்த மாதிரிதான். இது கோட்டுக்காரருக்குத் தெரியாத விஷயமா? அவரே நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தது. தன் கை போனது ஊருக்குத் தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்து மறைத்ததில், தனக்கே மறந்துவிட்டது.

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் எந்தப் பக்கம் ஏறும் என்று கேட்டார். பள்ளியில் சொல்லிக் கொடுத்த பக்கம் என்றாள் டாக்டரம்மா. இரண்டு பேரும் செவலையைப் பார்த்தார்கள். அது பாட்டுக்கு வேலியை மோந்துகொண்டு நின்றது.

"நான் இத வித்திருப்பேனே," என்றார் அவர். "நல்ல குதிரைன்னு சத்தியம் பண்ணி வித்திருப்பேனே."

இடப்பக்கத்தையும் பழக்கினால் ஒழிய இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார். ஆனால் அந்தப் பக்கம் நிற்க அவருக்குக் கை இல்லை. மனைவிக்கு வேலை வெளியூரில், வாரக் கடைசியில்தான் வருவார். நீங்கள் நில்லுங்கள், நான் சொல்கிறேன் என்றார். டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இதிலும் ஏதாவது சூழ்ச்சி இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதற்காக மறுபடி வெட்கப்பட்டாள். சரி என்றாள்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் கிளினிக் திறப்பதற்கு முன்னால் போனாள். மருந்துப் பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார் கோட்டுக்காரர். முதல் நாள் இடப்பக்கம் பத்தடி தள்ளி நின்றாள், அவ்வளவுதான். செவலையின் காது திரும்பும், தலை நிமிரும். அது ஓட நினைப்பதற்கு ஒரு கணம் முன்னால் அவள் திரும்பி நடந்துவிட வேண்டும். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குப் பட்டது. நெருங்குவதற்கு வந்துவிட்டு விலகிப் போவதா? ஆனால் மூன்றாம் நாள் அவள் விலகியபோது செவலை அவள் பின்னால் இரண்டடி வந்தது. நாலாம் நாள் இடது தோளில் கையை வைக்க விட்டது. தோல் நடுங்கியது, நடுக்கம் நின்றது, அந்த நொடியில் கையை எடுத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் ஒரு குதிரை மாறுமா? நான் வருவதற்கு முன்னால் மனிதர் ஏதாவது கொடுக்கிறாரோ? கோட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவரப் போன சமயம் பார்த்து வண்டிக்கு ஓடி, ஊசியை எடுத்து வந்து, வலப்பக்கக் கழுத்திலிருந்து திருட்டுத்தனமாக ரத்தம் எடுத்தாள். ஏழாம் நாள் முடிவு வந்தது. ஒன்றும் இல்லை. அதை நாலாக மடித்து, எட்டாகக் கிழித்து, கிளினிக் குப்பைத் தொட்டியின் அடியில் போட்டாள். தன்னைத் தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டாள்.

அதன் பிறகு கஷ்டமான வேலை ஆரம்பித்தது. இடது விலாவில் விரலை வைத்து லேசாக அழுத்தினால் செவலை பின்பக்கத்தை விலக்க வேண்டும். அழுத்தினாள். அது யோசித்தது, ஓர் அடி விலகியது. நிஜமாகத்தான் செய்ததா என்று பார்க்க மறுபடியும் அழுத்தினாள். விலகியது. மூன்றாம் தடவை அழுத்தியபோது வாலை விசிறிக் காதைப் பின்னுக்குத் தள்ளியது.

வேலிமேல் உட்கார்ந்திருந்த கோட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"டாக்டரம்மா, அது உங்களுக்குப் பதில் சொல்லிடுச்சு. நீங்க மறுபடி மறுபடி அதையே கேக்கறீங்க. சொன்னது தப்புபோலன்னு அது நினைச்சுக்கும். அதுக்கப்புறம் எதைச் சொல்றதுன்னு அதுக்குத் தெரியாது."

அன்றைக்குக் கிளினிக்கில் ஒரு நாய்க்காரம்மா, தடுப்பூசி போட்டாயிற்று என்றாள். டாக்டரம்மா எப்போது, எங்கே, சீட்டு எங்கே என்று வழக்கம்போலக் கேட்க ஆரம்பித்து, பாதியிலேயே வாயை மூடிக்கொண்டாள்.

பயம் போன பிறகு செவலைக்குத் திமிர் வந்தது. ஒன்பதாம் நாள் இடது தோளால் அவளை ஒரு இடி இடித்தது, அவள் ஓர் அடி விலகி நின்றாள். அது மட்டும் கூடாது என்றார் கோட்டுக்காரர். நீங்கள் காலை நகர்த்தினால் இனி அதுதான் எஜமானி. டாக்டரம்மா அடுத்த தடவை நகரவில்லை. முழங்கையை மட்டும் நீட்டி வைத்தாள், செவலை தானாக வந்து அதில் இடித்துக்கொண்டு, அட என்பதுபோல் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோட்டுக்காரரும் சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டிருந்ததை அவள் கவனித்தாள். கையைப் பற்றி வெளியில் சொல்வாளா என்று அவர் அன்றைக்கு வரையில் பயந்துகொண்டிருந்திருக்கிறார். அவளும் சொல்ல மாட்டேன் என்று சொல்லி வைத்திருக்கவில்லை. அன்று அந்த வாக்கைக் கொடுத்தாள். நீங்களே சொல்லிவிடுவது நல்லது, அடுத்த குட்டிக்கு இரண்டு கை உள்ள ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் இடப்பக்கத்திலிருந்து சேணம் கட்டினாள். பதினாலாம் நாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு, தானே இடப்பக்கமாக ஏறினாள். செவலை நின்றது.

அடுத்த நாள் தம்பியும் அவன் மகளும் வந்தார்கள். கோட்டுக்காரர் கோட்டில்லாமல் களத்து வாசலில் நின்றார். கை விஷயத்தைத் தானே தம்பியிடம் சொன்னார், இடப்பக்க விஷயத்தையும் மறைக்காமல் சொன்னார். பிறகு தள்ளிப் போய் நின்றுகொண்டார். டாக்டரம்மா செவலையின் இடப்பக்கம், கயிற்றைப் பிடித்தபடி. அந்தப் பெண் குதிரையைப் பார்க்கவில்லை, மறுபடியும் அத்தையின் முகத்தைத்தான் பார்த்தாள்.

தம்பி சரியா என்று கேட்டான்.

சரி என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். வாயைத் திறந்தாள், வரவில்லை. அதே சொல்லை ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு காலையில் சொல்லியிருக்கிறாள். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா என்றாள். இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றாள். தன் குரலை அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் மூடிக்கொண்டது.

தம்பி மகளிடம், காரில் ஹெல்மெட் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வா என்றான். அவள் தலையைக் குனிந்தபடி போனாள். அவள் வாசலைத் தாண்டும் வரை காத்திருந்தான்.

"அக்கா, அந்தக் கறுப்புக் குதிரைக்கு அவன் பொடி கலந்ததை நான் பார்த்தேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"நீ வர்றதுக்கு முன்னாடி தவிட்டுல கலந்தான். என்னன்னு கேட்டேன், சத்து மருந்துன்னான். எனக்கு அப்பவே உதைச்சுது. உன்கிட்ட சொன்னா வேண்டாம்னு சொல்லிடுவே. எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. உன் மேல ஒரு தப்பும் இல்ல அக்கா. அஞ்சு வருஷமா சொல்லணும் சொல்லணும்னு..."

உலகத்தில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்டவள், இவன் ஒருத்தனை மட்டும் விட்டு வைத்திருந்தாள். பெருந்தன்மை என்று நினைத்தாளே, வாயைத் திறக்காமல் இருந்தானே, அது இதுதானா? அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் எட்டு மாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும் மனசுக்குள் அவன் காலில் விழுந்தாளே. தூங்காத இரவுகள், ஏழு குதிரைகள், அந்தப் பெண்ணின் முகம் எல்லாம் ஒன்றாகத் தலைக்கு ஏறின. பொட்டென்று ஒன்று அவன் கன்னத்தில் வைக்க வேண்டும்போல் இருந்தது. கையை இறுக்கினாள்.

செவலை தலையைத் தூக்கியது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. ஓர் அடி அவளை விட்டு விலகி, பின்பக்கத்தைச் சுழற்றப் பார்த்தது. களத்தோரத்தில் கோட்டுக்காரர் நிமிர்ந்தார், ஆனால் வரவில்லை.

கயிற்றை இழுத்துப் பிடித்திருப்பது தன் கைதான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இதற்கும் செவலைக்கும் என்ன சம்பந்தம்? அது இன்றைக்கு ஒரு தப்பும் செய்யவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மூச்சை விட்டாள். செவலை உடனே நம்பிவிடவில்லை, நம்ப வேண்டிய அவசியம் என்ன அதற்கு? காதைத் திருப்பி, அவளைப் பார்த்து, வெகுநேரம் யோசித்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, விலகிய அடியைத் தானாகவே திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றது. கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அது தம்பிக்கு உரிய கோபம் என்று தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் அதை அவனுக்கு முழுசாகக் கொடுக்கலாம்.

அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கையில் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். எப்படியும் இல்லை என்றுதான் சொல்லப் போகிறார்கள் என்று அதை மாட்டக்கூட இல்லை.

"உன்ன இனிமே நான் நம்ப மாட்டேன்," என்றாள் டாக்டரம்மா தம்பியிடம், குரலை உயர்த்தாமல். "குதிரையை நம்பறேன். பிள்ளையை ஏத்து."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலை இழுத்தபடி சுற்றி வந்து, மகளுக்கு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, இடப்பக்கமாகத் தூக்கி ஏற்றினான்.